அஃறிணைக்கும் உரிமை உண்டு

இலக்கண வகுப்பில் நாம் தொடக்கத்திலேயே கற்பிக்கும் பாகுபாடுகளுள் ஒன்று திணை. மக்கள் உயர்திணை, ஏனையவை அஃறிணை. ஆசிரியர் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழிக்கிறார். ஒரு பக்கத்தில் 'அவன், அவள்'; மறுபக்கத்தில் 'அது'. வினைமுற்று வழுவின்றி அமைவதற்கு அக்கோடு இன்றியமையாதது. ஆயின், வகுப்பறையை விட்டு வெளியேறிய பின்னரும் அக்கோட்டை நாம் சுமந்து திரிகிறோம். 'அது' என்று சுட்டப்படும் உயிர் எதுவாயினும், அதனை அடைக்கலாம், அடிக்கலாம், அறுக்கலாம் என்று எண்ணுகிறோம். இலக்கணம் நமக்குத் தந்தது பெயர்ப் பாகுபாடு. நாமோ அதனைக் கொலைக்கு உரிமச்சீட்டாக்கிக் கொண்டோம். இஃது இலக்கணத்தின் குற்றமன்று, நம் குற்றமே.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்துக் காட்டினார். விலங்குக்கும் மனிதனுக்கும் இடையே அவர் கண்ட வேறுபாடு மனம் ஒன்றே. தொடுதல், சுவைத்தல், மோத்தல், காணல், கேட்டல் ஆகிய ஐந்தும் இருவருக்கும் பொது. கத்தி கழுத்தில் படும்போது துடிப்பது எந்த அறிவு? ஆறாவது அறிவா? அன்று, தொட்டுணரும் அறிவே துடிக்கிறது. சிந்திக்கத் தெரியாதவனுக்கு வலிக்காது என்றால், தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் வலிக்கக் கூடாதன்றோ? இன்றைய அறிவியல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. 2012ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரில் கூடிய நரம்பியல் அறிஞர்கள், பாலூட்டிகளும் பறவைகளும் உட்படப் பல உயிரினங்களுக்கு உணர்வுநிலையைத் தோற்றுவிக்கும் நரம்பமைப்பு உண்டு என்று அறிக்கை வெளியிட்டனர். ஆகவே, 'அவற்றுக்கு என்ன தெரியும்?' என்னும் பழைய சமாதானம் இனிச் செல்லாது.

நம் நாட்டுச் சந்தைக்கு வரும் கோழியின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். இயல்பாகப் பல்லாண்டு வாழவல்ல அப்பறவை, இறைச்சிக்காக வளர்க்கப்படும்போது ஏறத்தாழ ஆறு வாரங்களில் வெட்டப்படுகிறது. முட்டையிடும் கோழியோ கம்பிக் கூண்டில் அடைபட்டு, ஓர் எழுதுதாளின் பரப்பே தனக்கு உலகமாக, சிறகை முழுதும் விரிக்க இயலாமல் காலங்கழிக்கிறது. முட்டையிடாத சேவற்குஞ்சுகள் பொரித்த அன்றே பயனற்றவை என்று கொல்லப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய வெற்றுக் கூண்டுகளை 2012 முதல் தடை செய்தது. ஜெர்மனி 2022 முதல் சேவற்குஞ்சுகளைக் கொல்வதைத் தடுத்தது. உலகில் ஓராண்டில் வெட்டப்படும் கோழிகள் 7,000 கோடிக்கும் மேல். இதனை இனியும் 'உணவுப் பழக்கம்' என்னும் மெல்லிய சொல்லால் மூடி மறைப்பது முறையாகுமா?

இக்கொடுமை நம்மைத் திருப்பித் தாக்கிய வரலாற்றையும் நாம் மறந்துவிடலாகாது. 1998ஆம் ஆண்டின் இறுதியில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய நோய், 1999இல் நெகிரி செம்பிலானில் சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் பகுதிகளைச் சூறையாடியது. வௌவால் கடித்துப் போட்ட கனி பன்றிக்கொட்டிலில் விழுந்தது. ஆயிரக்கணக்கில் நெருக்கி அடைக்கப்பட்ட பன்றிகளிடையே நோய் தீயெனப் பரவியது. லாரிகளில் ஏற்றப்பட்ட பன்றிகளோடு அது மாநிலம் கடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட மலேசியர் மாண்டனர். சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர் பதினொருவர் நோயுற்றனர்; ஒருவர் உயிர் நீத்தார். பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் கொன்று குவிக்கப்பட்டன. வௌவாலைக் குற்றம் சொல்லி நாம் கை கழுவிக் கொண்டோம். கொட்டிலைக் கட்டியது வௌவாலா? பன்றிகளை நெருக்கி அடைத்தது வௌவாலா?

'சட்டம் இருக்கிறதே' என்பர் சிலர். ஆம், இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வதை செய்தவனுக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க வழி செய்கிறது. வெறும் இருநூறு ரிங்கிட் அபராதத்தோடு குற்றவாளி தப்பிய பழைய நிலையை எண்ணினால் இது பெரும் முன்னேற்றமே. எனினும், சட்டம் தண்டிப்பது 'தேவையற்ற' துன்பத்தை மட்டுமே. எது தேவை என்று முடிவு செய்பவன் யார்? துன்புறுத்துவதால் ஆதாயம் பெறுகின்ற மனிதனே. திருடனையே நீதிபதியாக அமர்த்தினால் தீர்ப்பு எவ்வாறு அமையும்? கருணை வேறு, உரிமை வேறு. கருணை, கொடுப்பவன் விருப்பம்; உரிமை, பெறுபவனின் உடைமை. மனுநீதிச் சோழன் கதையில் பசு மன்னனிடம் இரக்கம் கேட்டு நிற்கவில்லை. ஆராய்ச்சி மணியை அடித்து நீதி கேட்டது. அக்கதையைப் பிள்ளைகளுக்குச் சுவைபடச் சொல்லும் நாம், அம்மணியை இன்று எங்கே கட்டி வைத்திருக்கிறோம்?

இனி, மறுப்புரைகளைக் காண்போம். 'கோயிலில் கிடாய் வெட்டுவது நம் மரபு' என்பர். மரபு என்பதனால் மட்டுமே ஒன்று அறமாகிவிடாது. அதே வேளையில், முனியாண்டி கோயிலில் வெட்டப்படும் ஒரு கிடாய்க்காகக் கண்ணீர் வடித்துவிட்டு, தீபாவளிக்கு ஆட்டிறைச்சி வாங்க வரிசையில் நிற்பவரின் கண்டனத்தையும் நான் ஏற்கமாட்டேன். ஏழையின் பலிபீடம் கண்ணுக்குத் தெரிகிறது; வணிகனின் பலிபீடம் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

'செடிக்கும் உயிர் உண்டே' என்பர். உண்டு, ஆயினும் வலியை உணரும் மூளையும் நரம்பும் செடிக்கு இல்லை. தவிரவும், ஆட்டையும் மாட்டையும் கொழுக்க வைக்க நாம் அழிக்கும் பயிர், அவற்றின் இறைச்சியாக நமக்குத் திரும்பக் கிடைக்கும் உணவினும் பன்மடங்கு அதிகம். செடிக்காக உண்மையிலேயே இரங்குபவர் முதலில் விட வேண்டியதும் இறைச்சியே.

'மனிதன் துயரே தீரவில்லை. விலங்குக்கு என்ன அவசரம்?' என்பது மூன்றாவது வாதம். இதனைத் தமிழர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் என் நெஞ்சு சுடுகிறது. நம் முன்னோர் இம்மண்ணுக்கு எவ்வாறு வந்தனர்? ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்படும் வரை சரக்கெனக் கப்பலில் அடைக்கப்பட்டு வந்தனர். பின்னர் கங்காணி முறையிலும், வேலைக்கு இறங்கிய ஆளின் தலைக்கு இவ்வளவு என்று காசு கணக்கிடப்பட்டது. மனிதரைத் தலைக்கணக்கில் எண்ணியவனும் 'இவர்களுக்கு என்ன தெரியும்?' என்றே கேட்டான். நம் முன்னோரின் துயரையும் கோழியின் துயரையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால், உயிரைச் சரக்காகக் காணும் கண் ஒன்றே என்கிறேன். அக்கண்ணின் கொடுமையை அனுபவித்தவரின் வழித்தோன்றல்கள், அதே கண்ணைத் தாமும் அணிந்துகொள்ளலாமா?

திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் தந்தார். கொன்றவன் ஒருவன், தின்றவன் வேறொருவன் என்று தப்பித்துக்கொள்ள அவர் இடம் வைக்கவில்லை. வாங்குபவன் இருப்பதனாலேயே விற்பவன் கொல்கிறான் என்பதை ஒரே குறளில் நிறுவிவிட்டார். நாமோ அதிகாரங்களை மாணவர் வாயில் மனனப் போட்டிக்காகத் திணிக்கிறோம். பரிசளிப்பு முடிந்ததும் அதே மாணவர் கையில் கோழிச்சோற்றுப் பொட்டலத்தைக் கொடுக்கிறோம். பிள்ளைகள் நம் சொல்லைப் பாடமாகவும் நம் செயலை வாழ்க்கையாகவும் எடுத்துக்கொள்கின்றனர்.

ஆசிரியப் பெருமக்களே, மாற்றம் அங்கிருந்தே தொடங்கட்டும். தமிழ் விழா எதுவாயினும் அதில் புலால் பரிமாறுவதில்லை என்று முடிவு செய்யுங்கள். மாணவர்களே, கூண்டு முறையை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்று உங்கள் கட்டுரைகளிலும் சொற்போர்களிலும் வலியுறுத்துங்கள். உங்கள் தட்டிலிருந்தே அதற்குச் சான்று காட்டுங்கள். கரும்பலகையில் அந்தக் கோடு இருக்கட்டும். வினைமுற்றுக்கு அது வேண்டும். அறத்திற்கு அக்கோடு வேண்டா.