மூளை சுருங்கினால் அறிவும் சுருங்குமா?

"வயது போய்விட்டது, இனி மூளை வேலை செய்யாது" என்று முதியோரைப் பார்த்துச் சொல்லிவிடுவது நம் வீடுகளிற் சாதாரணமாகிவிட்டது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடும் பாட்டனாரைக் கண்டு பேரப்பிள்ளைகள் சிரிப்பதும் உண்டு. இச் சிரிப்பில் உண்மை எவ்வளவு, பிழை எவ்வளவு என்பதை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

மூளை சுருங்குவது மெய்யே. வளர்ந்த மனிதனின் மூளை ஏறக்குறைய 1,300 கிராம் நிறையுடையது. அறுபது வயதைக் கடந்தபின் ஆண்டுதோறும் அதன் பருமனில் நூற்றுக்கு அரைப் பங்களவு குறைந்து வருகிறது. புதிய செய்திகளைப் பதிவுசெய்யும் சிறு பகுதியொன்று மூளையினுள்ளே உண்டு. கடற்குதிரையை ஒத்திருப்பதால் கிரேக்க மொழியில் அதற்கு அப் பெயரே வழங்குகிறது. அப் பகுதி இன்னும் விரைவாகத் தேய்கிறது. ஐம்பது ஆண்டுக்கு முந்திய தேர்த் திருவிழாவை விரித்துரைக்கும் பாட்டியார், காலையில் வந்து போனவரின் பெயரை மறந்துவிடுவது இதனாலேதான்.

ஆனால், சுருங்கிய மூளையெல்லாம் மங்கிய மூளையாகுமா? இக் கேள்விக்கு விடை அளிக்க உதவியோர் கன்னியர் மடத்துச் சகோதரிகள்.

1986ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், டேவிட் ஸ்னோடன் என்னும் ஆராய்ச்சியாளர் நோத்ர தாம் சபைக் கன்னியரிடையே ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 75 வயதும் அதற்கு மேலுமான 678 சகோதரிகள் அதிற் சேர்ந்தனர். காலத்துக்குக் காலம் ஞாபகப் பரீட்சைக்கு உட்பட்டதோடு, மரணத்தின்பின் தம் மூளையையும் ஆராய்ச்சிக்கு அளிக்கச் சம்மதித்தனர். அவர்களுட் பலர் வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஆசிரியைகள். இறந்தபின்னும் கற்பிக்க உடன்பட்டதை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பு மேலிடுகிறது. ஒத்த உணவு, ஒத்த இருப்பிடம், ஒத்த வைத்திய வசதி! ஆராய்வோர்க்கு இதனினும் வாய்ப்பான கூட்டம் கிடைத்தல் அரிது.

அவர்களுள் ஒருவர் 101 வயதுவரை வாழ்ந்தார். முதுமையிலும் ஞாபகப் பரீட்சைகளில் நல்ல புள்ளிகள் பெற்றார். இறந்தபின் அவர் மூளையை நிறுத்தபோது 870 கிராமே இருந்தது. அல்சைமர் நோய்க்குரிய படிவுகளும் முடிச்சுகளும் அதில் ஏராளம். நோய் மூளையில் இருந்தது. அவர் பேச்சிலும் நினைவிலும் இல்லை!

இச் சகோதரிகள் இளவயதில் எழுதிய சுயசரிதைகளும் மடத்தில் பேணப்பட்டிருந்தன. கருத்துச் செறிவோடு எழுதியோரைவிட, செறிவின்றி எழுதியோருக்கே முதுமையில் நினைவு அதிகம் மங்கியது என 1996இல் அறிவித்தனர். மாணவர்கள் உடனே நீண்ட வசனம் எழுதப் புறப்பட வேண்டாம். அளந்தது கருத்தை, நீளத்தை அன்று. எழுத்து மூளையைக் காத்ததா, வளமான மூளை வளமாக எழுதியதா என்பதும் இதனால் முடிவாகவில்லை.

நமக்கு இதனினும் பயனுள்ளது 1997இல் வெளிவந்த முடிவு. அல்சைமர் நோயின் அடையாளம் மூளையில் இருந்தவர்களுள், சிறு இரத்தக் குழாய்கள் அடைபட்டவர்களே பெரிதும் புத்தி தடுமாறினர். இரத்த அழுத்தமும் நீரிழிவும் கவனியாது விடப்படும் வீடுகளில் இதனைச் சற்று யோசித்தல் நன்று. நடையும் உதவும். 2011இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், வாரத்துக்கு மூன்று நாள் நாற்பது நிமிடம் வரை நடந்த முதியோருக்கு அக் கடற்குதிரைப் பகுதி ஓராண்டில் நூற்றுக்கு இரண்டு வீதம் பெருத்திருந்தது.

மறதியெல்லாம் முதுமையின் வேலையுமன்று. தைரொயிட் சுரப்பியின் குறைவும், விற்றமின் பி12 குறைவும் நினைவை மங்கச் செய்யும். மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றிலேயே பி12 உண்டு. ஆதலால் மரக்கறி உணவினர் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

நமக்கு உறவான பெரியம்மா ஒருவர் கறிக்கு இருமுறை உப்பிட்டு வந்தார். வீட்டார் அடுப்படிப் பொறுப்பை வாங்கிக்கொண்டனர். நாளடைவில் அவரோடு கதைப்பதும் குறைந்தது. வேறொரு காரியமாக வைத்தியரிடம் சென்றபோது, இரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு வெளிப்பட்டது. ஊசி மருந்தேற்றிச் சில மாதங்களிற் பெருமளவு தேறிவிட்டார். இப்பொழுது, கறிக்கு உப்புப் போதாதென்று மருமகளைக் குறை சொல்லி வருகிறார்.