மேஜை மாறினால் கை தடுமாறாதா?

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கொட்டகைக்குள் போய்ப் பாருங்கள்.

அச்சு ஒரு பக்கம். களிமண் கூழ் ஒரு பக்கம். பிசிறு சீவும் கத்தி கைக்கு எட்டும் தூரத்தில். தொழிலாளி கத்தியைத் தேடுவதே இல்லை. கை தானாகப் போய் எடுக்கும்!

யாராவது அதை இடம் மாற்றி வைத்துவிட்டால்? கை வெறும் பலகையைத் தடவும். அதற்காக, "இவருக்குத் தொழில் தெரியாது" என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

கம்ப்யூட்டரில் படம் வரைகிறவர்களைத்தான் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு மாணவி விண்டோஸ் கம்ப்யூட்டரில் படம் வரையப் படித்தாள் என்று வைத்துக்கொள்வோம். வேலை கேட்டுப் போன இடத்தில் இருப்பது ஆப்பிள் கம்பெனியின் மேக். "பத்து நிமிடத்தில் ஒரு விளக்கு வரைந்து காட்டு" என்கிறார் முதலாளி. பெண் திகைக்கிறாள். வேலை போயிற்று!

ஏன் திகைத்தாள்?

விண்டோஸில் ஜன்னலை மூடும் பொத்தான் வலது மூலையில். மேக்கில் இடது மூலையில். விண்டோஸில் கட்டளை வரிசை பெரும்பாலும் அந்தந்த ஜன்னலுக்குள் இருக்கும். மேக்கில் திரையின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும். படத்தைச் சேமிக்க அங்கே 'கண்ட்ரோல்' சாவி. இங்கே 'கமாண்ட்' சாவி. அவள் விரல் பழைய இடத்துக்கே போகிறது. விரல் செய்த குற்றம் அவ்வளவுதான்.

இந்த வேற்றுமை பிறவியிலேயே வந்தது. போட்டோஷாப் 1990-ல் மேக்கில் பிறந்தது. கோரல்டிரா 1989-ல் விண்டோஸில் பிறந்தது. ஒவ்வொன்றும் பிறந்த வீட்டுப் பழக்கத்தோடு வளர்ந்தது. கிம்ப் என்ற இலவச மென்பொருளின் கதை இன்னும் வேடிக்கை. படம் ஒரு ஜன்னல், கருவிப் பெட்டி ஒரு ஜன்னல் என்று துண்டு துண்டாகத் திரையில் மிதக்கும். எல்லாவற்றையும் ஒரே ஜன்னலில் அடக்கும் வசதி 2012-ல்தான் வந்தது!

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அதில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு மேஜைகள்! இரண்டிலும் உட்கார்ந்து பழகியவர்கள் எத்தனை பேர்? நல்ல வாய்ப்பைப் பலர் நழுவவிட்டார்கள் என்றே சொல்லவேண்டும்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 'பிளெண்டர்' என்றொரு மென்பொருள். பொம்மையை நாலா பக்கமும் திருப்பிப் பார்த்து உருவாக்கலாம். காசு கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அதன் முகம் ஏறக்குறைய ஒன்றுதான். வரைந்தவர் தன் கருவிகளை எந்த இடத்தில் வைத்திருந்தார் என்பதும் படத்தோடு சேர்ந்தே பதிவாகும். கோப்பைக் கொண்டுபோய் வேறு கம்ப்யூட்டரில் திறந்தால், மேஜையும் கூடவே வந்துவிடும்! போட்டோஷாப்பிலும் நமக்குப் பிடித்த அமைப்புக்கு ஒரு பெயர் வைத்துச் சேமிக்கலாம். கற்றுக்கொடுப்பவர்கள் இதை முதல் வாரத்திலேயே சொல்லவேண்டும். "மூன்றாவது பொத்தானை அழுத்து" என்று சொல்லிக்கொடுத்தால், பொத்தான் நகர்ந்த அன்றே படிப்பும் நகர்ந்துவிடும்.

முதலாளிகளும் சோதனையை மாற்றட்டும். பீங்கானுக்குப் படம் வரைகிறவரிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு இருக்கிறது.

மண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். நூற்றுக்கு 12 பங்கு சுருங்கும் மண் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெந்து வரும் விளக்கு 10 செ.மீ. உயரம் இருக்கவேண்டும். படத்தில் எவ்வளவு உயரம் வரையவேண்டும்?

"11.2" என்று சட்டென்று சொல்பவர் உண்டு. தப்பு! அது வெந்து 9.86 ஆகிவிடும். மூடி பொருந்தாது. பத்தை 0.88-ஆல் வகுக்கவேண்டும். ஏறக்குறைய 11.4 செ.மீ. வரும். சூளைக்கு மேக்கும் தெரியாது, விண்டோஸும் தெரியாது. இந்தக் கணக்கு மட்டும்தான் தெரியும்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலுக்கென்றே பட்டயப் படிப்பு நடத்தும் அரசு தொழில்நுட்ப நிலையம் இருக்கிறது. அங்கே படித்த பெண்ணோ பையனோ வந்து "11.4" என்று சொன்னால், உடனே நாற்காலியில் உட்கார வையுங்கள். கமாண்ட் சாவி எங்கே இருக்கிறது என்பதைப் பக்கத்து நாற்காலிக்காரர் காட்டிவிடுவார்.