தன் காலில் நின்ற கலைஞர்

இயல், இசை, நாடகம் எனும் முத்தமிழைப் பயிற்றும் துறையின் மலரில் மேலைநாட்டுத் திரைக்கலைஞர் ஒருவருக்கு இடம் எதற்கு எனச் சான்றோர் சிலர் வினவக்கூடும். திரைப்படத்தின்பால் நம் பெரியோர் கொண்டுள்ள ஐயத்தில் நியாயம் உண்டு. பொருளீட்டல் ஒன்றையே குறிக்கோளாகக் கொண்ட படங்கள் இளையோர் உள்ளத்தைக் கெடுப்பதை நாமும் காண்கிறோம். ஆயினும், குற்றம் கருவியினிடத்தா, அதனைக் கையாள்வோரிடத்தா என்பதே கேள்வி. அதற்குச் சார்லி சாப்ளினின் கலைவாழ்வு விடை தருகிறது.

1889-இல் இலண்டனில் பிறந்த சாப்ளின், வறுமையினால் ஏழு வயதிலேயே ஏழையர் விடுதியில் சேர்க்கப்பட்டவர். முறையான பள்ளிக்கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. இசைக்குறியீடுகளை எழுதவும் அறியார். தாம் உருவாக்கிய மெட்டுகளைப் பிறரைக் கொண்டு எழுதுவித்தார். ஆயினும் நடிப்பு, கதை, இயக்கம், இசை ஆகிய நான்கையும் தாமே ஆண்டார்.

இத்திறமைகளினும் அவருடைய தற்சார்பே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 1918-இல் தமக்கெனப் படப்பிடிப்புத் தளம் அமைத்தார். 1919-இல் நண்பர் மூவருடன் இணைந்து ‘யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ என்னும் வெளியீட்டு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். பேசும்படங்கள் கோலோச்சிய 1931-இல், உரையாடலின்றித் தம் இசையைத் துணைக்கொண்டு ‘சிட்டி லைட்ஸ்’ படத்தை வெளியிட்டார். தடுப்பதற்கு அவருக்கு மேல் முதலாளி எவரும் இல்லை.

அந்தத் தற்சார்பின் பயன் 1940-இல் புலப்பட்டது. அமெரிக்கா செர்மனியுடன் போரில் இறங்காதிருந்த அவ்வேளையில், தம் சொந்தப் பணத்தைக் கொண்டு ‘தி கிரேட் டிக்டேட்டர்’ எடுத்து இட்லரை எள்ளி நகையாடினார். யூதர் அல்லாத அவர், யூதர்கள் பட்ட துன்பத்தைத் தம் துன்பமாகக் கருதினார். பிற சமூகத்தார்க்கு இழைக்கப்படும் அநீதியையும் எதிர்த்து நிற்க வேண்டும் என்று போதிக்கப்பெற்ற நாம், இதனைப் போற்றாதிருத்தல் இயலுமா?

விலையும் கொடுத்தார். 1952-இல் ‘லைம்லைட்’ படத்தின் வெளியீட்டுக்காக அவர் இலண்டனுக்குப் பயணமானபோது, அவர் அமெரிக்கா திரும்புவதற்கான அனுமதி நீக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் குடியேறினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1972-இல், அதே நாடு அழைத்துச் சிறப்பு ஆஸ்கர் விருது வழங்கியது. ‘லைம்லைட்’ படத்தின் இசைக்கும் 1973-இல் ஆஸ்கர் கிட்டியது.

அவர்தம் இல்வாழ்க்கையை முன்மாதிரியாகக் கொள்ளுமாறு நாம் கூறவில்லை. கலையில் அவர் காத்த நேர்மையையே சுட்டுகிறோம். இன்று மாணவர் ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசியே படக்கருவியாகிவிட்டது. அவர்கள் பார்ப்பதை நம்மால் தடுக்க இயலாது. பகுத்துப் பார்க்கப் பயிற்றலாம். ஆண்டுக்கொரு முறையேனும் நற்படம் ஒன்றைத் திரையிட்டு, அதனை மாணவர் ஆய்ந்து பேச நம் கல்லூரிகள் இடமளித்தல் வேண்டும். பெரியோர் இதற்கு இசைவு தருவார்களாக!