பெரட்டில் நிற்பதும் வேலைக்குத் திரும்புவதும்

2025 நவம்பர் 7ஆம் திகதி பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்ட 2026 வரவு செலவுத் திட்டம், பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயர்த்தியது. அதற்கு மேல், வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாவை வருகை ஊக்கக் கொடுப்பனவாக அரசே தரும் என்றும், அதற்கென 5,000 மில்லியன் ரூபா ஒதுக்கப்படும் என்றும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அறிவித்தார். 2024இல் 1,700 என்று வர்த்தமானி வந்து, கம்பனிகள் நீதிமன்றம் ஏறி, கடைசியில் 1,350இல் வந்து நின்றதைப் பார்த்தவர்கள் நாம். ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 1,750 ரூபா என்பதை இந்த இதழ் மனதார வரவேற்கிறது. அது போதுமா என்ற பேச்சைத் தொழிற்சங்கங்கள் நடத்தட்டும். தொழில்வழிச் சிகிச்சையாளரான நம் மேசைக்கு வந்து சேர்வது அந்த 200 ரூபாவின் தலைப்பில் இருக்கும் ‘வருகை’ என்ற சொல்.

தலையில் அடிபட்டுக் கண்டி தேசிய வைத்தியசாலையிலிருந்து திரும்பிய ஒருவருக்கு, மாதத்தில் மூன்று நாள் கிளினிக் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று நாளும் பேர் இல்லை. முன்பு அதன் விலை 4,050 ரூபா. இனி 5,250. தலைக்காயக்காரர் தனியாக பஸ் ஏறி ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போய்வர முடியாது என்பது நமக்குத் தெரியும். கணவனோ மகளோ கூடப் போக வேண்டும். அவரும் தோட்டத்தில் பேர் போடுகிறவர் என்றால் கிளினிக்கின் விலை மாதம் 10,500 ரூபா, பஸ் காசும் சாப்பாடும் தனி. சம்பளம் கூடக்கூடச் சிகிச்சைக்கு வரும் நாளின் விலையும் கூடுகிறது. நாட்கூலியில் இது புதிதல்ல. ஆனால் வந்தவருக்கு மட்டும் என்று அரசே தனியாகக் காசு வைக்கும்போது, வராத நாளின் மேல் அரசின் கையும் சேர்ந்து அழுத்துகிறது. உடைந்த காலோடு இருப்பவர் இந்த அழுத்தத்தால் பெரட்டுக்கு, காலையில் ஆள் எண்ணும் இடத்துக்கு, ஓடிவர முடியாது. கால் விடாது. மூளைக்காயக்காரரைக் கால் தடுப்பதில்லை. அவர் வந்துவிடுவார்.

மூளைக்காயத்திலிருந்து மீளும் படிகளைச் சொல்லும் ராஞ்சோ லொஸ் அமிகோஸ் அளவுகோலில் ஆறாம் படியில் இருப்பவரை யாரும் மலைக்கு அனுப்புவதில்லை. குழப்பம் கண்ணுக்குத் தெரியும். நம்மை ஏமாற்றுவது ஏழாம் படி. பழக்கப்பட்ட காரியத்தைப் பழக்கத்தின் வேகத்திலேயே செய்துவிடுவார். புதிதாக ஒன்று குறுக்கே வந்தால் தடுமாறுவார். தன் குறையின் ஆழம் அவருக்குப் புரியாது. லயத்து வாழ்க்கையோ முழுக்க முழுக்கப் பழக்கம். விடிய முன் எழுந்து, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்குப் போய், அதே நிரையில் ஏறுவது இருபது வருடமாக உடம்பில் ஊறிய வரிசை. இந்த வரிசை ஏழாம் படிக்காரரை எட்டாம் படிக்காரர் போலக் காட்டும். நகரத்தில் கணக்கெழுதும் ஒருவர் முதல் நாளிலேயே பிடிபட்டுவிடுவார். தோட்டத்துப் பெண் மூன்று வாரம் கழித்துத்தான் பிடிபடுவார், அதுவும் நோயாளியாக அல்ல, சோம்பேறி என்றோ வாய்க்காரி என்றோ.

நான் மலையில் நின்று பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். குளவி கலைய, தப்பி ஓடும்போது கானுக்குள் விழுந்து தலையை அடித்துக்கொண்டவர். வந்தபோது ஜி.சி.எஸ். (கிளாஸ்கோ அளவுகோல்) 10. காயத்துக்குப் பிந்திய மறதி ஒன்பது நாள். நான்காம் மாதம் நடை சீர், பிடி சீர், பேச்சு சீர். தமிழ் மொக்கா (MoCA) அறிவாற்றல் சோதனையில் எடுத்த புள்ளியை வைத்து எதையும் சொல்ல முடியவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவரின் தாளில் எது காயம், எது படிப்பு என்று எப்படிப் பிரிப்பது? ஆகவே மலைக்குப் போனோம். முதல் அரை மணித்தியாலம் கை பறந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டும், இரண்டு கையும் மாறி மாறி, பார்க்க அழகு. பிறகு இடப்பக்கத்துச் செடிகள் ஒவ்வொன்றாக விடுபடத் தொடங்கின. முற்றின இலையும் வங்கியும் (வளர்ச்சி நின்ற தளிர்) கொழுந்தோடு சேர்ந்து கூடைக்குள் விழுந்தன. பக்கத்து நிரைக்குள் போய்விட்டார். அந்த நிரைக்காரி சத்தம் போட, இவர் அதைவிடப் பெரிதாகச் சத்தம் போட்டார். பத்து மணித் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தபோது என்னிடம் சொன்னார்: “கை காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு மிஸ். கங்காணி ஐயா ரெண்டு வேல சேத்துச் சொன்னா மொத வேல மறந்துபோகுது. திருப்பிக் கேட்டா ஏசுறாரு. அதான் கேக்கிறதில்ல.”

மதியத்துக்குள் அவர் களைத்துப்போனார். தூங்கினாலும் தீராத அந்தக் களைப்பைக் கங்காணிக்கு விளங்கப்படுத்த நம்மிடம் தாளும் இல்லை, சொல்லும் இல்லை. மடுவத்தில் நிறுத்தபோது கிலோ குறைந்தது. அன்றைக்கு அவருக்கு அரைப்பேர்.

இன்னொன்றையும் அன்றுதான் சரியாகக் கவனித்தேன். கூடைக் கயிறு தலையில் விழுகிறது. இத்தனை வருடம் இந்த மலைகளில் நடந்தும், அதைப் பார்த்தும் பார்க்காமலே இருந்திருக்கிறேன். தலையில் அடிபட்டவர் பதினெட்டு, இருபது கிலோவைத் தலையாலேயே இழுத்துக்கொண்டு ஈரப் படியில் இறங்குகிறார். மண்டையோட்டில் எலும்பு எடுத்து இன்னும் மூடாதவர், கழுத்து நோவும் தலைச்சுற்றும் உள்ளவர், வலிப்பு மாத்திரையில் இருப்பவர் எல்லோருக்கும் இது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். உங்களில் எத்தனை பேரின் மதிப்பீட்டுப் படிவத்தில் கூடைக் கயிறு என்று ஒரு வரி இருக்கிறது? என்னுடையதில் இருக்கவில்லை. ஆண்களுக்குக் கவ்வாத்துக் கத்தியும் தொழிற்சாலை ரோலரும் அதே அளவு முக்கியம். காயத்துக்குப் பின் முதல் வருடம் வலிப்புக்கு மோசமான காலம் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

இவ்வளவையும் நாம் எதில் எழுதுகிறோம்? துண்டில். ‘இலேசான வேலைக்குத் தகுதி’ என்று ஒற்றை வரி, ஒரு கையொப்பம், ஒரு முத்திரை. பல வருடமாக இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்ப எழுதிவருவது இந்தத் துண்டைப் பற்றித்தான். வாசகர்கள் சலித்திருப்பார்கள் என்று தெரிந்தே மறுபடி எழுதுகிறேன். தோட்டத்தில் இலேசான வேலை எது? தவறணையில் பை நிரப்புவது இலேசு என்பார்கள். அது குனிந்து நிமிரும் வேலை, தலைச்சுற்றுக்காரருக்கு ஆகாது. சுரண்டியால் புல் வெட்டுவது இலேசு என்பார்கள். சரிவில் நின்று செய்வது அது. பிள்ளைக்காம்பராவில் உதவிக்குப் போடலாம் என்பார்கள். சத்தம் தாங்காதவரை, சட்டென்று கோபம் வருபவரை இருபது பிள்ளைகளுக்கு நடுவே விடுவதா? நாம் ‘இலேசு’ என்று எழுதும்போது தசையை நினைத்து எழுதுகிறோம். படிப்பவரும் தசையை நினைத்தே படிக்கிறார்.

அதைவிடப் பெரிய குறை நேரத்தில் இருக்கிறது. படிப்படியாகத் திரும்புவது என்றால் இரண்டு மணித்தியாலம், பிறகு நான்கு, ஒருநாள் விட்டு ஒருநாள், களைப்பைப் பார்த்து ஏற்றுவது. தோட்டக் கணக்கில் இருப்பதோ முழுப்பேரும் அரைப்பேரும். கால்பேர் என்று ஒன்றைக் கணக்கப்பிள்ளையின் செக்ரோலில் யாரும் பார்த்ததில்லை. அரைப்பேர்கூட ஓய்வுக்காக வந்ததல்ல, நிறை குறைந்ததற்காக வெட்டுவது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிராங்பேர்ட்டில் குர்ட் கோல்ட்ஸ்டைன், மூளை காயப்பட்ட சிப்பாய்களைத் தாளில் மட்டும் சோதிக்காமல் பட்டறையில் உண்மையான வேலையில் விட்டுப் பார்த்தார். நூறு வருடம் தாண்டிய அந்தப் பாடத்தை இந்த மலையில் நடத்த நமக்கு வேண்டியது ஒரு நிரையும், கிலோ கேட்காத சில வாரமும் மட்டுமே. அதற்கு இடம் தருகிற ஒரு விதி இன்றுவரை எழுதப்படவில்லை.

சட்டத்தைப் பாருங்கள். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டுக்குரியது. மூளைக்காயத்தை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோல் வந்தது 1974இல், ராஞ்சோ 1972இல். கை இவ்வளவு போனால் இத்தனை வீதம், விரல் போனால் இத்தனை வீதம் என்று உறுப்பை எண்ணும் அட்டவணை அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உச்சத் தொகையை 550,000 ரூபாவிலிருந்து 2,000,000 ஆக்கியது, வேலைக்குப் போகும் வரும் வழியையும் சேர்த்தது. அதற்காகப் போராடியவர்களுக்கு நன்றி. ஆனால் எண்ணும் முறை மாறவில்லை. விரல் இழந்தவரின் வீதத்தை ஒரு நிமிடத்தில் எழுதிவிடலாம். இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் முதல் வேலையை மறந்துபோகிறவரின் இழப்பை நிறுவ, நம்மில் ஒருவர் பக்கம் பக்கமாக எழுதி, திகதிக்குத் திகதி கொழும்புக்கு அலைய வேண்டும். டித்வா புயலின்போது லயத்துக்குள் இருந்து சுவரும் மண்ணும் விழுந்து தலை உடைந்தவருக்கு இந்தச் சட்டத்தின் வாசலே திறப்பது கடினம். அவர் வேலையில் இருக்கவில்லையாம். தோட்டத்து லயத்தில், தோட்ட வேலைக்காகவே குடியிருந்தவர்.

தோட்டச் சுகாதாரத்தை அரசு முழுதாகப் பொறுப்பேற்கும் என்று தொண்ணூறுகளிலிருந்து கேட்டுவருகிறோம். 1912ஆம் ஆண்டு வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துக்காரரின் வைத்தியத்தைத் துரையின் பொறுப்பாக்கியது. அன்று தோட்டத்துக்கும் அரசுக்கும் நடுவே போட்ட தடுப்புச் சுவரின் அத்திவாரம் இன்னும் கிடக்கிறது. டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியில் 150 கட்டில்களோடு புதிய வைத்தியசாலைக் கட்டடம் எழுந்தது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் வந்து திறந்துவைத்தார். கட்டடம் நல்லது. ஆனால் கட்டிலை விட்டு இறங்கிய தலைக்காயக்காரர் போய்ச் சேர்வது லயத்துக்கு. அங்கே அவருக்கு இருப்பது டிஸ்பென்சரியும் ஒரு தோட்ட வைத்திய உதவியாளரும். தொழில்வழிச் சிகிச்சையாளர் என்ற பதவி தோட்டத்தில் கிடையாது. புனர்வாழ்வு என்றால் திகன அல்லது ராகம வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். எத்தனை அமைச்சர்கள், எத்தனை குழுக்கள்! குழுக்களின் முன்னால் நாங்களும் உட்கார்ந்திருக்கிறோம், எழுத்தில் கொடுத்திருக்கிறோம். கேட்டுக்கொண்டு தலையாட்டியவர்கள் இன்று வருகைக்குக் காசு வைக்கிறார்கள். வர முடியாமல் போனவரைப் பற்றி அதே தாளில் ஒரு வரி எழுத ஏன் கை வரவில்லை? மூளைக்காயம் பட்டவர் ஊர்வலம் போகமாட்டார், மேடையில் பேசமாட்டார், தமக்குக் குறை என்றே பலர் சொல்லமாட்டார்கள். அந்த மௌனத்தைத் தேவையில்லாமை என்று எடுத்துக்கொள்வது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

ஆகவே இந்த இதழின் நிலைப்பாடு இது. கிளினிக் அட்டையில் முத்திரை விழுந்த நாளும், எழுத்தில் பரிந்துரைத்த படிப்படியான திரும்புதலின் ஒவ்வொரு நாளும், எத்தனை மணித்தியாலம் என்றாலும், இந்த 200 ரூபாவுக்கு முழு வருகையாகக் கொள்ளப்பட வேண்டும். அந்தக் காலத்தில் கிலோ கேட்கக்கூடாது. இதைத் தொழில் அமைச்சும் பெருந்தோட்ட அமைச்சும் சுற்றுநிருபமாகவே தர வேண்டும். துரையின் நல்ல மனதுக்கு விட்டுவிட முடியாது. காசு அரசினுடையது என்பதால் கம்பனிகள் இதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

சுற்றுநிருபம் வரும்வரை நம் கையில் இருப்பது துண்டு. ‘இலேசான வேலை’ என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். என்ன வேலை, எந்தச் சரிவில், ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம், தலையில் பாரம் ஏற்றலாமா, கத்தியும் இயந்திரமும் ஆகுமா, மறுபடி பார்ப்பது எந்தத் திகதி என்று எழுதுங்கள். கங்காணிக்கு ஒரு வரி தனியாக, தமிழில்: ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லவும், திருப்பிக் கேட்டால் திருப்பிச் சொல்லவும். முடிந்தவர்கள் ஒரு தடவையாவது மலைக்குப் போய், தேத்தண்ணி நேரம் தாண்டியும் நின்று பாருங்கள். களைப்பு பத்து மணிக்குப் பிறகுதான் தெரியும். எழுதிய துண்டைத் தோட்டம் ஏற்கவில்லை என்றால், பெயரை மறைத்து ஒரு பிரதியை எங்களுக்கு அனுப்புங்கள். வந்து சேர்பவற்றைத் தொகுத்து, திகதியோடும் தோட்டம் சொன்ன பதிலோடும் தொழில் ஆணையாளர் நாயகத்திடம் நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம்.