அலமாரி திறக்க ஒரு ஹதியா

நம் போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலமே கணினி வழி நடைபெறுகிறது. மலைச்சரிவுத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளிலோ, எந்நூல் எங்குள்ளதென அறியப் பட்டியலேனும் உண்டா? பட்டியலில் இல்லாத நூல், அலமாரியில் இருந்தும் இல்லாததே.

நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலகம், தன் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காதென அறிந்து, 1999இல் புதியதொன்றை எழுதுவித்தது. மூலநிரலோடு உலகுக்கே அது வழங்கப்பட்டது. ‘கோஹா’ என்பது அதன் பெயர். மாவோரி மொழியில் அன்பளிப்பு என்று பொருள். நாம் கூறும் ஹதியா.

நூல்களைப் பட்டியலிடவும், இரவல் கணக்கு வைக்கவும், தவணை கடந்தவற்றைக் காட்டவும் அது உதவும். உரிமக் கட்டணம் இல்லை. ஆயினும் ஒவ்வொரு நூலின் விவரத்தையும் ஒருவர் அமர்ந்து பதிந்தாக வேண்டும். பட்டம் பெற்ற இளைஞர்களே, நங்கையரே! விடுமுறையில் அருகிலுள்ள பள்ளியை அணுகி, அவ்வுழைப்பை உங்கள் ஹதியாவாக அளியுங்கள்.