யார் வீட்டுப் பிள்ளைக்கு இன்டர்ன்ஷிப்?

1917 செப்டம்பர். கொலம்பியாவில் படித்துத் திரும்பிய 26 வயது இளைஞர் ஒருவர் பரோடா அரசின் கணக்குத் தலைமை அலுவலகத்தில் பயிற்சி அலுவலராகச் சேர்கிறார். வேலை கற்க இடம் கிடைத்தது, தலை சாய்க்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றுகிறது. அன்றிரவே பம்பாய்க்கு ரயில் ஏறுகிறார். அண்ணல் அம்பேத்கர் தம் கைப்பட எழுதிவைத்த அனுபவம் இது.

நூறாண்டு தாண்டிவிட்டது. இன்று தடியோடு யாரும் வருவதில்லை. தேவையும் இல்லை. வாசலிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு பெண். கல்லூரியில் கடைசி வருடம். அவள் அம்மா விடிகாலையில் தாம்பரத்தில் பஸ் ஏறி, மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போய், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் தரை துடைக்கிறார். மகள் என்னிடம் கேட்டாள்: "அண்ணா, இன்டர்ன்ஷிப் லெட்டர் கொண்டாந்தாத்தான் மார்க்குன்னு காலேஜ்ல சொல்றாங்க. ரெண்டு மாசம் சம்பளம் கெடையாதாம். சனி ஞாயிறு துணிக்கடையில நிக்கிற காசுலதான் நான் பஸ்ஸுக்கே போறேன். அதுவும், உள்ள யாராச்சும் தெரிஞ்சவங்க இருந்தாத்தான் எடுப்பாங்களாம்."

உள்ளே அவள் அம்மாவே இருக்கிறார். ஆனால் அவர் 'தெரிஞ்சவங்க' கணக்கில் வரமாட்டார்.

'அது காசுள்ளவன் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு, நமக்கெதற்கு' என்று சில தோழர்கள் ஒதுக்கித் தள்ளுகிறார்கள். தவறு. அதிகாரி வீட்டுப் பையனுக்குக் கடிதம் எழுதுவது எப்படி, கூட்டத்தில் பேசுவது எப்படி, மேலதிகாரியிடம் மறுத்துச் சொல்வது எப்படி என்பதெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. நமக்கு எங்கே கிடைக்கும்? கவுன்ட்டரில் உட்கார்ந்த பிறகு மேலாளரிடம் நிமிர்ந்து பேச எனக்கு ஆறு மாதம் ஆனது. படிக்கும்போதே ஓர் அலுவலகத்தின் உள்ளைப் பார்த்திருந்தால் அந்த ஆறு மாதப் பயம் மிச்சமாகியிருக்கும். ஆகவே இந்தப் பயிற்சியின் மதிப்பு அவர்களைவிட நமக்குத்தான் அதிகம்.

எனக்கு வங்கி வேலை சிபாரிசில் வரவில்லை. தேர்வு எழுதினேன், பட்டியல் போட்டார்கள், இடஒதுக்கீட்டில் பெயர் இருந்தது. அதில் எனக்கு வெட்கமில்லை. பெரும்பாலான இன்டர்ன்ஷிப்புக்குத் தேர்வும் இல்லை, பட்டியலும் இல்லை. 'நம்ம பையன்' என்ற இரண்டு சொல்லுக்குள் சாதி பதுங்கிக்கொள்கிறது.

சட்டமே இல்லையா? இருக்கிறது. 1961 அப்ரண்டிஸ் சட்டம் பயிற்சிக்கு வருகிறவருக்கு உதவித்தொகை தரச் சொல்கிறது. 1973 திருத்தம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் இடஒதுக்கீடு தந்தது. பொதுத்துறை வங்கிகள் பட்டதாரிகளை அப்ரண்டிஸாக எடுப்பது இந்தச் சட்டத்தின்படிதான். ஆனால் அதே நாற்காலியில் உட்காருகிறவரை 'இன்டர்ன்' என்று கூப்பிட்டு, ஒப்பந்தம் போடாமல் விட்டால்? தொகையும் போச்சு, ஒதுக்கீடும் போச்சு. பெயர் மாற்றத்தில் உரிமை காணாமல் போகிறது.

2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5,000 ரூபாய் அறிவித்தது. ஆனால் தொடங்கியபோது அதன் விதி, முழுநேரம் படிக்கிறவர்கள் விண்ணப்பிக்கக் கூடாது என்றது. அதே 2024-இல் பல்கலைக்கழக மானியக் குழு இளங்கலை மாணவர்களின் இன்டர்ன்ஷிப்புக்கு நெறிமுறை வெளியிட்டது. ஒரு கை 'போ' என்கிறது, இன்னொரு கை 'உனக்குக் காசில்லை' என்கிறது. நடுவில் காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் அடித்துத் தருகிற கடைகள் முளைக்கின்றன. ஏழைப் பிள்ளை வேலையும் கற்காமல், காசும் இழந்து, ஒரு காகிதத்தோடு நிற்கிறது.

நாம் கேட்பது மூன்று. இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கும் கல்லூரியே இடமும் தேடித் தரட்டும். இடங்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். பெயர் எதுவானாலும் உழைப்புக்குத் தொகையும் இடங்களில் ஒதுக்கீடும் வேண்டும். 2022-இல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கிய தமிழக அரசு இதைச் செய்ய முடியாதா என்ன?

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. ரயில்வேயில், வங்கியில், சானடோரியம் ஏற்றுமதி மண்டலத்தில், ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். இடஒதுக்கீட்டில் உள்ளே வந்து, அடையாளத்தை மறைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் சம்பளம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்கிறோம்: உங்கள் அலுவலகத்தில் இடம் இருந்தால் சேரிக்குச் சேதி சொல்லுங்கள். மதுராந்தகத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ வருகிற பிள்ளைக்கு இரண்டு மாதம் படுக்க உங்கள் வீட்டில் ஒரு பாய் போடுங்கள்.

பரோடாவில் அன்றைக்கு அந்த ஒரு பாயைப் போட ஆள் இல்லை. தாம்பரத்தில் நாம் இருக்கிறோம்.