கடைசித் துறைமுகம் எது?

சித்திரைப் புத்தாண்டு கழிந்த சில நாட்களில், திருக்கடலூரைச் சேர்ந்த இளம் மீனவர் ஒருவர் தமது படகு இஞ்சினுக்கு ஒரு சி.டி.ஐ. யூனிட் வாங்குவதற்காக இணையச் சந்தை ஒன்றில் பணம் செலுத்தினார். தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சிறிய பாகம் அது. அது பழுதானால் இஞ்சின் இயங்காது. உள்ளூர்க் கடையில் கேட்ட விலையில் பாதிக்கும் குறைவாகவே இணையத்தில் அது கிடைத்தது. பொருள் சிங்கப்பூரில் இருப்பதாகவும் 7 முதல் 12 நாட்களுக்குள் வந்து சேரும் என்றும் விற்பனையாளர் அறிவித்திருந்தார். பொதி வந்து சேர்ந்தது 43 ஆவது நாளில். அதன் மேல் ஒட்டியிருந்த அனுப்புநர் முகவரியோ சீனாவின் தொழில் நகரம் ஒன்றைக் காட்டியது.

பொதியுடன் அவர் என் வீட்டுக்கு வந்தார். ஆங்கிலத்தில் ஒரு முறைப்பாடு எழுதித் தரவேண்டும் என்பது அவரது கோரிக்கை.

"சிங்கப்பூர் எண்டுதானே ஐயா போட்டிருந்தவங்கள். சீனா எண்டு சொல்லியிருந்தா, பிந்தும் எண்டு விளங்கி, கடன்பட்டாவது இஞ்சயே வாங்கியிருப்பன்."

இந்த ஒரு வாக்கியத்துக்குள் முழு வழக்கும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள் குறைவு. வாடைக் காற்று தொடங்கிவிட்டால் சிறு படகுகள் கரையேறிவிடும். உழைக்க வேண்டிய அந்த நாட்களில் ஆறு கிழமைகளை அவர் பிறர் படகில் பங்குக்குப் போய்க் கழித்திருக்கிறார். இத்தனைக்கும் வந்த பொருளில் பழுது இல்லை. பொருத்தியதும் இஞ்சின் வேலை செய்தது. பொருள் புறப்பட்ட இடம் பற்றிய ஒரு சொல் மட்டுமே பொய். அந்தப் பொய்யின் விலை, பொருளின் விலையைவிடப் பன்மடங்கு பெரிது.

முறைப்பாட்டை எழுதி அனுப்பினோம். இரண்டு நாளில் பதில் வந்தது. பொருள் உரியவரிடம் சேர்ந்துவிட்டதால் முறைப்பாடு முடித்துவைக்கப்படுகிறதாம். தாமதம் பற்றி முன்னரே முறையிட்டிருக்கலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அவர் 20 ஆவது நாளிலேயே விற்பனையாளருக்கு எழுதியிருக்கிறார். "இன்னும் ஒரு கிழமை பொறுங்கள்" என்று பணிவான பதில் வந்திருக்கிறது. அடுத்த கிழமையும் அதே பதில். பணத்தைத் திரும்பக் கோருவதற்கான கால எல்லை கடந்து போகும்வரை பணிவு நீடித்தது. இது தற்செயலான நிகழ்ச்சி அன்று. உலகெங்கும் இணையச் சந்தைகளில் பழகிப்போன உத்தி.

ஏன் இப்படிப் பொய் சொல்கிறார்கள்? காரணங்கள் எளியவை. வாங்குவோர் தமக்கு அருகிலுள்ள பொருட்களையே முதலில் தேடுகின்றனர். பல சந்தைகளில் தேடலை நாடுவாரியாக வடிகட்டவும் வசதி உண்டு. தூரத்து நகரத்தின் பெயரைப் போட்டால் பட்டியலில் பின்னுக்குத் தள்ளப்படுவோம் என்று விற்பனையாளர் அஞ்சுகிறார். சிங்கப்பூர், இலண்டன் என்று போட்டால் நம்பிக்கையும் கூடுகிறது, விலையையும் சற்று உயர்த்தலாம். சிலர் பொருளைக் கண்ணால்கூடக் காண்பதில்லை. பணம் கிடைத்த பின்னரே வேறொரு நாட்டிலுள்ள களஞ்சியத்துக்குக் கட்டளை அனுப்புகிறார்கள். சில வேளைகளில் "கொழும்பில் உள்ளது" என்ற அறிவிப்பை நம்பி வாங்கியவருக்குப் பொருளுக்குப் பதிலாகச் சுங்கத் தீர்வை செலுத்துமாறு ஓர் அறிவித்தல் வந்து சேரும்.

இதற்குப் பின்னால் அஞ்சல் கட்டணத்தின் கதையும் உண்டு. 1874 இல் தோன்றிய சர்வதேச தபால் ஒன்றியத்தின் ஏற்பாட்டின்படி, ஒரு நாட்டிலிருந்து வரும் பொதியை வீடு சேர்ப்பதற்காக அனுப்பும் நாடு பெறும் நாட்டுக்கு ஒரு தொகை கொடுக்கிறது. வளர்முக நாடுகளுக்கு இத்தொகை குறைவு. சீனா நீண்டகாலம் இச்சலுகையை அனுபவித்தது. ஆயிரக்கணக்கான மைல் கடந்து வரும் சிறுபொதி, உள்ளூர்ப் பொதியைவிட மலிவாக அமெரிக்க வீடுகளைச் சென்றடைந்தது. 2018 ஒக்டோபரில் ஒன்றியத்தை விட்டே விலகப்போவதாக அமெரிக்கா அறிவித்தது. 2019 செப்டெம்பரில் ஜெனீவாவில் கூடிய விசேட மாநாட்டில் கட்டண முறை திருத்தப்பட்ட பிறகே அந்தப் பிணக்கு தீர்ந்தது. மலிவான அனுப்புகை, எங்கோ இருக்கும் சிறு வியாபாரியையும் உலகச் சந்தைக்குள் கொண்டுவந்தது. அது நல்ல விடயமே. ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்பதை மறைக்கும் வழக்கமும் கூடவே வந்துவிட்டது.

எல்லா வெளிநாட்டு விற்பனையாளரும் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. சீன நிறுவனங்கள் பல, பிற நாடுகளில் உண்மையாகவே களஞ்சியங்கள் வைத்துள்ளன. அவை இலண்டன் என்று போடுவது பொய்யாகாது. சீனாவிலிருந்து வருகிறது என்று சொல்வதில் வெட்கப்படவும் ஏதுமில்லை. எங்கள் துறைமுகத்தின் ஒரு குடாவுக்கே சீனக்குடா என்றுதானே பெயர்!

துறைமுகத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. செய்தியாளனாக அங்கே போய்வந்த காலத்தில் நான் முதலில் கற்றுக்கொண்ட விடயம், வரும் கப்பலிடம் கேட்கப்படும் கேள்வி: கடைசித் துறைமுகம் எது? மாவு ஆலைக்குக் கோதுமை ஏற்றிவரும் கப்பலாயினும் எண்ணெய்க் கப்பலாயினும், கடைசியாகப் புறப்பட்ட துறைமுகத்தின் அனுமதிப் பத்திரத்தைக் காட்ட வேண்டும். சரக்குப் பட்டியலும் சுகாதார அறிக்கையும் வேண்டும். கேள்வி சம்பிரதாயத்துக்காகக் கேட்கப்படுவதில்லை. நோயும் தீர்வையும் காப்புறுதியும் வழக்கும் அந்தப் பதிலில் தங்கியிருக்கின்றன.

இந்தத் துறைமுகத்தை 1782 ஜனவரியில் பிரித்தானியரும் அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரரும் கைப்பற்றினர். அக்காலக் கடற்போரில் எதிரியை நெருங்குவதற்காகப் பிற நாட்டுக் கொடியை ஏற்றுவது அனுமதிக்கப்பட்ட தந்திரம். ஆனால் முதல் குண்டைச் சுடுமுன் சொந்தக் கொடியை ஏற்றியாக வேண்டும் என்பது மரபு. போருக்குக்கூட இருந்த இந்த வரம்பு, வியாபாரத்துக்கு இருக்கக்கூடாதா?

நாமும் இந்த விடயத்தில் முற்றிலும் சுத்தமானவர்கள் அல்லர். இந்திய இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன் சலுகையைப் பயன்படுத்தி வியட்நாம் மிளகு இலங்கை மிளகாக இந்தியாவுக்குள் நுழைகிறது என்று கேரள, கர்நாடக விவசாயிகள் பல ஆண்டுகள் முறையிட்டனர். 2017 டிசெம்பரில் இந்தியா மிளகு இறக்குமதிக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்ற குறைந்தபட்ச விலையை விதித்தது. யாரோ சிலர் பத்திரத்தில் எழுதிய பொய்யான ஊர்ப்பெயருக்காக, நேர்மையாக மிளகு பயிரிட்ட நம் விவசாயிகளும் விலை கொடுத்தனர்.

ஊர்ப்பெயரின் பெறுமதி நம் நாட்டுக்குத் தெரியாததல்ல. தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையைப் பெறுவதற்குத் தேயிலை முழுவதும் இலங்கையில் விளைந்ததாக இருந்தால் மட்டும் போதாது, பொதி செய்யப்பட்டதும் இலங்கையிலாக இருக்கவேண்டும். 2022 பெப்ரவரியில் "சிலோன் சினமன்" என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பு வழங்கியபோது நாம் மகிழ்ந்தோம். நமது கறுவாவின் பெயரைப் பிறர் களவாடினால் கொதிக்கும் நாம், சிங்கப்பூரின் பெயரை ஒருவர் களவாடி நம் மீனவருக்கு விற்றால் "இணையம் என்றால் அப்படித்தான்" என்று கடந்து போகலாமா?

உண்மையைச் சொல்வதால் நல்ல உற்பத்தியாளர் கெட்டுப்போவதுமில்லை. 1887 இல் பிரித்தானியா ஒரு சட்டம் இயற்றி, பிரித்தானியப் பெயரோ குறியோ தாங்கிவரும் பிறநாட்டுப் பொருட்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்றது. ஜேர்மன் பொருட்களை மட்டம் தட்டுவதே நோக்கம். நடந்தது என்ன? சில பத்தாண்டுகளில் "ஜேர்மனியில் செய்தது" என்பது தரத்தின் முத்திரையாக மாறியது.

இனி, யார் பொறுப்பு என்ற கேள்விக்கு வருவோம். விற்பனையாளரைத் தேடிப்பிடிப்பது நம்மால் ஆகாது. நமது 2003 ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வர்த்தகர்கள் மக்களைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. ஆனால் அதன் கை கடலைத் தாண்டி நீள்வது கடினம். ஆகவே நடுவிலிருந்து தரகு பெறும் சந்தையைத்தான் கேட்கவேண்டும். பொருள் இருக்கும் இடத்தைப் பொய்யாகக் காட்டக்கூடாது என்ற விதி ஈபே போன்ற சந்தைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. பொதி முதலில் எந்த நகரத்தில் பதிவாகியது என்பதைப் பின்தொடரும் எண் மூலம் சந்தையின் கணினி அறியும். விளம்பரத்தில் சிங்கப்பூர், முதல் பதிவு சீனா என்றால், அந்த முரண்பாட்டைக் கண்டுபிடிக்க மனிதரே தேவையில்லை. அப்படிக் கண்டால் வாங்கியவர் கேட்காமலே பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் முடியும். செய்வதில்லை என்றால், செய்ய மனமில்லை என்றே நான் கொள்வேன்.

வேறு நாடுகள் நகரத் தொடங்கிவிட்டன. இந்தியா 2020 இல் கொண்டுவந்த மின்வணிக விதிகள், பொருளின் பிறப்பிட நாட்டைத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கின. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், 2024 பெப்ரவரியிலிருந்து, விற்பனையாளர் யார், எங்கிருப்பவர் என்ற விவரங்களைச் சரிபார்க்கும் கடமையைச் சந்தைகள்மீது சுமத்தியிருக்கிறது. நமது சட்டமும் இவ்வழியில் திருத்தப்படவேண்டும். இங்கே வாடிக்கையாளரைத் தேடும் சந்தை, இங்கே பதில் சொல்லவும் ஒருவரை வைத்திருக்க வேண்டும்.

அதுவரை வாசகர்கள் சில விடயங்களைக் கவனிக்கலாம். விளம்பரப் பக்கத்தைப் பணம் செலுத்துமுன் படம் பிடித்து வையுங்கள். முன்னர் வாங்கியவர்கள் எத்தனை நாளில் கிடைத்தது என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். சர்வதேசத் தபாலில் வரும் 13 இலக்க எண்ணின் கடைசி இரண்டு எழுத்துகள் அனுப்பிய தபால் சேவையின் நாட்டைக் காட்டும். சீனா என்றால் சி.என்., சிங்கப்பூர் என்றால் எஸ்.ஜி. ஆனால் சீனப் பொதியைச் சிங்கப்பூர்த் தபாலில் சேர்ப்பவர்களும் உண்டு என்பதால், அதை மட்டும் நம்பவேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, "இன்னும் ஒரு கிழமை" என்ற பணிவான சொல்லுக்கு மயங்கி முறைப்பாட்டு நாளைத் தவறவிடாதீர்கள்.

அந்த மீனவர் இப்போது கடலுக்குப் போகிறார். இழந்த ஆறு கிழமைகளை யாரும் அவருக்குத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. கடல் கடந்து வரும் ஒரு பெருங்கப்பலைத் துறைமுக வாசலில் நிறுத்தி, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்க நம்மால் முடிகிறது. உள்ளங்கையளவு பொதியிடம் அதே கேள்வியைக் கேட்பதற்கு நாம் இன்னும் எத்தனை காலம் காத்திருக்கப் போகிறோம்?